போன் ஸ்கேனில் விலா எலும்பில் புள்ளி என்கிறார்கள், பிஎஸ்எம்ஏ பெட் எடுத்தே ஆக வேண்டுமா?

பள்ளத்தூர்_மகன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 71 வயது, ஆத்தாவுடன் (அம்மாவுடன்) பள்ளத்தூரில் இருக்கிறார்கள். நான் சென்னையில், தம்பி சிங்கப்பூரில். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போவதை அப்பச்சி யாரிடமும் சொல்லவே இல்லை, ஆத்தா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. புரோஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பார்த்தால் 34. யூரின் கல்ச்சரில் தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி எடுத்ததில் 31. எம்ஆர்ஐயில் பைராட்ஸ் 5, அதாவது புற்றுநோய்ச் சந்தேகம் மிக அதிகம். பயாப்ஸியில் கிளீசன் மதிப்பெண் (நோய் எவ்வளவு தீவிரம் என்பது) 4+4=8, புரோஸ்டேட் புற்றுநோய்தான்.

அடுத்து போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன். ரிப்போர்ட்டில் இடது பக்கம் 7, 8ஆவது விலா எலும்புகள், முதுகெலும்பில் எல்4, இரண்டு முழங்கால்கள், இங்கெல்லாம் மருந்து அதிகமாகச் சேர்ந்திருப்பதாகப் போட்டு, கடைசி வரியில் 'பரவல் இல்லை என்று ஒதுக்க முடியாது' என்று முடித்திருக்கிறார்கள். அந்த சென்டரில் வேலை பார்க்கும் ஒருவர், டாக்டர்கூட இல்லை, வராந்தாவில் வைத்தே 'எலும்புக்குப் போயிருச்சு போலிருக்கே' என்று அப்பச்சியிடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு டாக்டர், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியை இந்த வாரமே போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர், அதற்கு முன்னால் பிஎஸ்எம்ஏ பெட் என்ற இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார். எடுத்தே ஆக வேண்டுமா? எடுத்தால் வைத்தியம் மாறுமா, இல்லை வயதானவரை இன்னொரு தரம் அலைக்கழிப்பதுதான் மிச்சமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல்_ரைஸ்மில்:

தம்பி, எங்கள் மாமாவுக்கு இதே வியாதி. வெறும் போன் ஸ்கேன் மட்டும்தான், ஊசி போட்டார்கள், இன்றைக்கும் மில்லுக்கு வந்து மூட்டைக் கணக்குப் பார்க்கிறார். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் காசை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

காமா_கேமரா:

நான் தேவகோட்டைக்காரன், மதுரையில் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். டாக்டர் இல்லை, ஆனால் தினமும் இந்தப் படங்களோடுதான் புழங்குகிறேன்.

//இடது பக்கம் 7, 8ஆவது விலா எலும்புகள்//

அப்பச்சி எப்போதாவது கீழே விழுந்தார்களா? இதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன் ஸ்கேனுக்குப் புற்றுநோய் தெரியாது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்டிபி என்ற பாஸ்போனேட் வகை மருந்தோடு சேர்த்து ஊசியில் போடுகிறோம். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால், எங்கெல்லாம் எலும்பு புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனால் அங்கே புது எலும்பு கட்டும், அதனால் பளிச்சென்று தெரியும், அது உண்மை. ஆனால் தேய்ந்துபோன மூட்டிலும் எலும்பு கட்டும், உடைந்து கூடும் விலாவிலும் கட்டும். எழுபது வயதுக்காரர் யாருக்கு எடுத்தாலும் முழங்காலும் கீழ்முதுகும் தெரியத்தான் செய்யும். அடுத்தடுத்த இரண்டு விலா எலும்புகளில் நேர்கோட்டில் புள்ளி வந்தால், அடிபட்டதா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. அதைக் கேட்காமலே ரிப்போர்ட் எழுதினால் இப்படித்தான் 'ஒதுக்க முடியாது' என்று முடியும்.

வராந்தாவில் பேசிய அந்த ஆள் செய்தது பெரிய தப்பு. படம் எடுப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

பள்ளத்தூர்_மகன்:

ஆத்தாவைக் கேட்டேன். போன ஐப்பசி மழையில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வழுக்கி, தூணுக்கு அடியில் இருக்கும் கல்லில் இடது விலா மோத விழுந்தார்களாம். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்துச் சமாளித்துவிட்டு எங்களிடம் மூச்சு விடவில்லை. எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. அண்ணே, அப்படியானால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

காமா_கேமரா:

அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. விலாவுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு உடைந்த எலும்பு போன் ஸ்கேனில் ஒரு வருஷத்துக்கு மேலும் தெரியலாம். ஆனால் பிஎஸ்ஏ 31, கிளீசன் 8 என்பது அதிக ஆபத்துள்ள வகை. பரவலை முழுசாகத் தேடித்தான் ஆக வேண்டும். பிஎஸ்எம்ஏ பெட் பயன்படுவது சரியாக இந்த இடத்தில்தான்.

சிக்ரி_ஓய்வு:

காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேதியியல்காரன் என்பதால் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். படித்ததை எழுதுகிறேன்.

பிஎஸ்எம்ஏ என்பது புரோஸ்டேட் செல்லின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம். புற்றுநோய் செல்களில் இது மிக அதிகமாக இருக்கும். இந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறைச் செய்து, அதன் ஒரு முனையில் கேலியம்-68 அல்லது ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கோர்த்துவிடுகிறார்கள். போன் ஸ்கேன் பார்ப்பது நோய் எலும்பில் உண்டாக்கும் விளைவை. இது நோய் செல்லையே பார்க்கிறது. நிணநீர் முடிச்சில் இருந்தாலும் தெரியும், அதை போன் ஸ்கேன் ஒருநாளும் காட்டாது.

கேலியத்துக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஜெர்மானியம்-68 ஏற்றிய ஒரு சின்னக் குழாய் போதும். ஜெர்மானியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 271 நாள், அது சிதைந்து கேலியம் உண்டாகிக்கொண்டே இருக்கும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் கேலியம் மட்டும் கழுவிக்கொண்டு வெளியே வரும். மாட்டில் பால் கறப்பது மாதிரிதான், கறந்துவிட்டுச் சில மணி நேரம் விட்டால் மறுபடி ஊறும். அந்தத் துறைக்காரர்களே அதைக் கறப்பது என்றுதான் சொல்கிறார்கள். ஃபுளோரின்-18 அப்படி இல்லை, அதைச் சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் செய்து வண்டியில் கொண்டுவர வேண்டும்.

நம் ஊருக்கு இது வராததற்குக் காரணம் காசு மட்டும் இல்லை, கடிகாரமும்தான். கேலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிஷம், ஃபுளோரின்-18க்கு 110 நிமிஷம். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு ரெண்டு மணி நேரம் என்று வைத்தால், கேலியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது, ஃபுளோரினில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அதனால் மருந்தை நம்மிடம் கொண்டுவருவதைவிட நாம் மருந்திடம் போவதுதான் நடக்கிற காரியம்.

புதுவயல் தம்பி, போன் ஸ்கேன் போதும் என்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் 302 பேரை வைத்து, அதிக ஆபத்துள்ள புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஒரு பாதிக்கு சிடி ஸ்கேனும் போன் ஸ்கேனும், மறுபாதிக்கு பிஎஸ்எம்ஏ பெட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2020இல் லான்செட் இதழில் வந்தது. பரவலைச் சரியாகச் சொன்னது பழைய முறையில் 65 சதவீதம், பிஎஸ்எம்ஏவில் 92 சதவீதம். உடம்பில் படும் கதிர்வீச்சும் பழைய முறையில் 19.2 மில்லிசீவர்ட், இதில் 8.4தான். இது சின்ன வித்தியாசம் இல்லை.

புதுவயல்_ரைஸ்மில்:

ஐயா, விவரம் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். 'அதிக ஆபத்துள்ளவர்களுக்கு' என்றுதானே சொல்கிறீர்கள்? இங்கே பிஎஸ்ஏ 5 என்று வந்தவர்களுக்கே எழுதிக்கொடுப்பதைப் பார்க்கிறேன். என் ஆத்திரம் அதில்தான்.

மதுரை_பிஜி:

புதுவயல் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் யூராலஜி மேற்படிப்பு படிக்கிறேன், சொந்த ஊர் கண்டனூர்.

கிளீசன் 6, பிஎஸ்ஏ 10க்குக் கீழே என்றால் அது குறைந்த ஆபத்து. அவர்களுக்கு போன் ஸ்கேனும் வேண்டாம், பிஎஸ்எம்ஏவும் வேண்டாம். பலருக்கு வைத்தியமே வேண்டாம், அவ்வப்போது பிஎஸ்ஏவும் தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, பயாப்ஸியும் எடுத்துக் கண்காணித்தால் போதும். பயாப்ஸிக்குப் பதிலாக இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்கிறேன் என்று வருபவர்களும் உண்டு. அது முடியாது. கிளீசன் எத்தனை என்பது மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்த்தால்தான் தெரியும், அதுதான் வைத்தியத்துக்கு அடிப்படை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நாம் இன்று பின்பற்றும் சிகிச்சை முறைகளில் பெரும்பாலானவை போன் ஸ்கேன், சிடி காலத்து ஆய்வுகளில் உருவானவை. பிஎஸ்எம்ஏ காட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் புள்ளியை அந்தக் காலத்தில் யாருமே பார்த்ததில்லை, அதோடேயே வைத்தியம் பார்த்துப் பலர் நன்றாகவும் இருந்திருக்கிறார்கள். ஒரு சின்னப் புள்ளியைப் பார்த்ததும் 'பரவிவிட்டது, குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம்' என்று கைவிடுவது கொடுமை. அந்தத் தப்பும் நடக்கிறது.

பள்ளத்தூர் அண்ணனுக்கு: ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தால் நாள் ஆக ஆகப் புள்ளிகள் சுருங்கி மங்கிவிடும், அப்புறம் ஸ்கேன் எடுத்தால் முதலில் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போகலாம். முடிந்தால் ஊசிக்கு முன் எடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தாமதத்தால் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் முதுகில் கடும் வலி, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது என்று ஏதாவது வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

தேவகோட்டை_அக்கா:

என் வீட்டுக்காரருக்கு இந்த ஸ்கேன் எடுத்தோம். பெரிய விஷயமெல்லாம் நீங்கள் பேசிவிட்டீர்கள், கூட இருந்து பார்த்ததை நான் சொல்கிறேன்.

முதல் குழப்பம் சாப்பாடு. சாதாரண பெட் ஸ்கேனுக்குச் சர்க்கரை மாதிரிப் பொருளை ஏற்றுவார்கள், அதற்குப் பட்டினி கிடக்க வேண்டும். பிஎஸ்எம்ஏவுக்கு அந்தக் கட்டுப்பாடு பொதுவாகக் கிடையாது. இது தெரியாமல் போன இடத்தில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்து, வேர்த்து வெலவெலத்துப்போனார். நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவார்களா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

ஊசியைக் கனமான ஈய உறைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், போடும்போது சாதாரண ஊசிதான். ஒரு மணி நேரம் உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். படுப்பதற்கு முன் கட்டாயம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள், ஏனென்றால் மருந்து மூத்திரப்பையில் சேர்ந்து பக்கத்தில் இருக்கும் புரோஸ்டேட்டை மறைத்துவிடும். நம் ஆட்களுக்கு இதில்தான் அவஸ்தை. போனால் வராது, படுத்தால் வந்துவிடும். அவசரம் என்றால் கூச்சப்படாமல் அங்கே சொல்லச் சொல்லுங்கள். மாற்றுத் துணி கொண்டுபோங்கள்.

அப்புறம் அந்தப் படம். படம் பதிந்த டிஸ்க்கும் ஃபிலிமும் கையில் கொடுத்துவிடுவார்கள், நீங்களும் பிரித்துப் பார்ப்பீர்கள், யாரால் சும்மா இருக்க முடியும்? கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு, தாடையின் இரண்டு பக்கமும் கருப்புக் கட்டி, வயிற்றில் இரண்டு பெரிய அவரை விதை. தலையிலிருந்து கால் வரை பரவிவிட்டது என்று நினைத்து பஸ் ஸ்டாண்டிலேயே அழுதேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னார், கண்ணீர்ச் சுரப்பி, எச்சில் சுரப்பி, சிறுநீரகம் எல்லாவற்றிலும் அந்தப் புரதம் இயல்பாகவே இருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று. இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கைக்குழந்தை, கர்ப்பிணி வீட்டில் இருந்தால் அன்று மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், நாள் குறிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். எடுத்துவிட்டுக் கேட்டால் எதுவும் செய்ய முடியாது.

பள்ளத்தூர் தம்பி, ஆத்தாவையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நம் பக்கத்து ஆண்கள் இந்த வியாதியை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அந்த அம்மா சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் தெரிந்திருக்காது.

புதுவயல்_ரைஸ்மில்:

அக்கா சொன்னதைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் மச்சானுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆபரேஷன் செய்து புரோஸ்டேட்டையே எடுத்தாகிவிட்டது. இப்போது பிஎஸ்ஏ 0.3. பிஎஸ்எம்ஏ எடுத்தார்கள், ஒன்றுமே இல்லை என்று வந்தது. ஒன்றுமே இல்லை என்றால் பிஎஸ்ஏ எங்கிருந்து வருகிறது?

மதுரை_பிஜி:

ஸ்கேன் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அங்கே இன்னும் செல் சேரவில்லை என்று அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. சிகிச்சைக்குப் பிறகு பிஎஸ்ஏ ஏறிய 635 பேருக்கு அமெரிக்காவில் எடுத்துப் பார்த்தார்கள். பிஎஸ்ஏ 0.5க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் இடம் தெரிந்தது. 0.5 முதல் 1 வரை 57, 1 முதல் 2 வரை 84, 5க்கு மேல் 97 சதவீதம். அதற்காக பிஎஸ்ஏ ஏறட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. புரோஸ்டேட் இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது பிஎஸ்ஏ குறைவாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதைக் காரணம் காட்டி மச்சான் அதைத் தள்ளிப்போட வேண்டாம், கதிர்வீச்சு டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

காமா_கேமரா:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பத்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட, அவர்களது புற்றுநோயில் பிஎஸ்எம்ஏ புரதம் போதுமான அளவு இருக்காது. அங்கே இந்த ஸ்கேன் கைவிட்டுவிடும். மாறாக, புற்றுநோயே இல்லாத இடத்திலும் லேசாகத் தெரியும். ஃபுளோரின் வகையில் பிஎஸ்எம்ஏ-1007 என்று ஒன்று உண்டு, மூத்திரப்பையில் அதிகம் சேராது என்பதால் வசதி, ஆனால் விலா எலும்பில் காரணமே இல்லாமல் மங்கலான புள்ளி காட்டுவதற்குப் பேர் போனது. பள்ளத்தூர் தம்பி, ஸ்கேன் சீட்டில் 'போன ஐப்பசியில் விழுந்தது, இடது விலா' என்று எழுதச் சொல்லுங்கள். போன் ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். படம் பார்க்கும் டாக்டருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

சிக்ரி_ஓய்வு:

நோய் முற்றிய நிலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: அதே மாதிரியான மூலக்கூறில் கேலியத்துக்குப் பதில் லுட்டீசியம்-177 ஐக் கோர்த்தால் அது மருந்தாகிவிடுகிறது, நோய் செல்லைப் பிடித்து உள்ளேயே கதிர் வீசுகிறது. நம் நாட்டில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா அணு உலையில் லுட்டீசியம் தயாராகிறது. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானது. நான்கு மாதம் என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

பள்ளத்தூர்_மகன்:

ரிசல்ட் வந்துவிட்டது. மதுரையில் எடுத்தோம், கேலியம் வகை.

விலா எலும்புகளில் மிக லேசான ஒளிதான், கூட எடுத்த சிடியில் எலும்பு உடைந்து கூடிய தடம் தெளிவாகத் தெரிகிறது. எல்4 வெறும் தேய்மானம். முழங்காலில் ஒன்றுமே இல்லை. புரோஸ்டேட் பளிச்சென்று இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இடுப்புக்குழியில் வலது பக்கம் 6 மில்லிமீட்டரில் ஒரு நிணநீர் முடிச்சு தெரிகிறது. எம்ஆர்ஐயில் அது அளவில் சின்னதாக இருந்ததால் சாதாரணம் என்று விட்டிருந்தார்கள்.

கதிர்வீச்சு டாக்டர் திரையில் படத்தைச் சுழற்றி, போன் ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினார். எலும்புக்குப் போயிருந்தால் ஹார்மோன் மருந்துகளோடு கட்டுப்படுத்துவதுதான் வழி என்று ஆகியிருக்கும். இப்போது புரோஸ்டேட்டுக்கும் இடுப்புக்குழி முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கதிர்வீச்சு, கூடவே ஹார்மோன் ஊசி இரண்டு மூன்று வருஷம், ஹார்மோனை இன்னும் குறைக்கும் அபிராடெரோன் மாத்திரையும் உண்டு. குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கொடுக்கிறோம் என்று அப்பச்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த முடிச்சு இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு கொடுப்பார்களாம், ஸ்கேன் எடுக்காவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

அப்பச்சி டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, தையில் பழனிக்கு நடக்கலாமா என்பதுதான். ஊசியால் எலும்பு பலவீனமாகும், கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிட்டு எலும்பு அடர்த்தி பார்த்துக்கொண்டு, குன்றக்குடியிலிருந்து முதல் நாள் மட்டும் நடங்கள், மீதிக்குக் காரில் போங்கள் என்றார். ஆத்தாவும் கூட இருந்தார்கள் அக்கா, மாத்திரை நேரமெல்லாம் அவர்கள்தான் குறித்துக்கொண்டார்கள். சிக்ரி ஐயா, காமா அண்ணே, கண்டனூர் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

கோனாபட்டு_கரை:

நல்ல செய்தி, சந்தோஷம். எனக்கும் ஒரு உதவி வேண்டும். சித்தப்பாவுக்கு 66 வயது, பிஎஸ்ஏ 6.2. போன வாரம் சிறுநீர் அடைத்து டியூப் போட்டார்கள், அந்தச் சமயத்தில் எடுத்த ரத்தம். நேராக பிஎஸ்எம்ஏவுக்கு மதுரை போய்விடலாமா?

மதுரை_பிஜி:

வேண்டாம். அடைப்பும் டியூபும் மட்டுமே பிஎஸ்ஏவை ஏற்றிவிடும். தொற்று இருக்கிறதா என்று யூரின் கல்ச்சர் பாருங்கள், இருந்தால் சரி செய்யுங்கள். எல்லாம் அடங்கி ஆறேழு வாரம் கழித்து பிஎஸ்ஏவை மறுபடி எடுங்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டியூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள், மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிஎஸ்ஏ பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்புறமும் அதிகம் என்றால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்ஸி. சிவகங்கை மெடிக்கல் காலேஜிலோ மதுரையிலோ ஒரு யூராலஜி டாக்டரிடம், ஆசனவாய் வழியாக விரலால் புரோஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.